அம்மாவோடு 3 இரவு க்ரூஸ்: சிங்கப்பூரில் கப்பல் ஏறுமுன் செய்யும் தவறுகள்

"4 நாள், 3 இரவு" என்ற விளம்பரத்தை நம்பி 4 நாளுக்குத் திட்டம் போடுவதில்தான் பாதி ஏமாற்றம் தொடங்குகிறது. மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் நாள் மதியம் 1 மணிக்குக் கப்பல் முனையத்துக்குள் போனால், பெட்டியைக் கொடுத்து, பாஸ்போர்ட் காட்டி, இமிகிரேஷன் தாண்டிக் கப்பலில் கால் வைக்க 2.30 ஆகிவிடும். கப்பல் கிளம்புவது 4 அல்லது 5 மணிக்கு. கடைசி நாள் காலையிலேயே மறுபடி சிங்கப்பூர் வந்துவிடும். 8 மணி வாக்கில் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள். முழுசாகக் கையில் இருப்பவை 2 நாட்கள். அதில் ஒன்று மலேசியாவின் பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ, தாய்லாந்தின் புக்கெட்டிலோ கரையில் கழியும். மிச்சமுள்ள ஒரே கடல் நாளில் நீச்சல்குளம், சறுக்கு, நாடகம், கடை, கடல் பார்த்து உட்காருவது என்று எல்லாவற்றையும் திணித்தால் 70 வயது அம்மா மத்தியானமே படுத்துவிடுவார். ஆளுக்கு 2 ஆசை வீதம் 4 எழுதிக்கொண்டு, மற்றதை விட்டுவிடுவதே நல்லது.

சென்னையிலிருந்து இரவு விமானத்தில் வந்து, காலையில் இறங்கி, அன்றே கப்பல் ஏறுவது இன்னொரு தப்புக்கணக்கு. விமானம் சுமார் நாலேகால் மணி நேரம்தான். ஆனால் சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் இரவுத் தூக்கம் மொத்தமும் போய்விடும். அம்மா ஏற்கெனவே களைத்துப்போய்க் கப்பலுக்கு வருவார். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கிவிடுங்கள்.

இன்னொன்று, சிங்கப்பூரில் க்ரூஸ் முனையம் இரண்டு. மரினா பே க்ரூஸ் சென்டர் ஓரிடம். அதற்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்க வேண்டும். ஹார்பர்ஃப்ரண்டில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் வேறிடம். டாக்ஸியில் ஏறி "க்ரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார் என்பது ஓட்டுநரைப் பொறுத்தது. டிக்கெட்டில் உள்ள முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்க்க வேண்டும். கப்பலில் வெளியே போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையையும் (SG Arrival Card) திரும்பும்போது மறுபடி இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால், கிளம்புவதற்கு முன்பே முடித்துவைக்க வழியில்லை. கரையில் இறங்கும் நாளில் இணையம் கிடைக்கும்போது இருவருக்கும் சேர்த்து நிரப்பிவிடுங்கள்.

கேபின்: மலிவானது எப்போது வலிக்கும்

உள் கேபின் என்றால் ஜன்னலே கிடையாது. சுமார் 150 சதுர அடி, விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இளசுகளுக்கு அது நல்ல தூக்கம். வயதானவர் விடிகாலை 3 மணிக்கு எழுந்தால் இரவா பகலா தெரியாது, கழிவறைக் கதவும் கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்குக் கழிவறை வாசலில் உயர்ந்த நிலைப்படி ஒன்று இருக்கும். தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுக்கத்தான் அது. ஆனால் இருட்டில் கால் தடுக்கி விழுவது அங்கேதான். பேட்டரியில் எரியும் சிறு இரவு விளக்கு ஒன்றைக் கழிவறைப் பக்கம் வைத்தால் போதும். முழங்கால் மோசமாக இருந்தாலோ சக்கர நாற்காலி தேவைப்பட்டாலோ நிலைப்படியே இல்லாத மாற்றுத்திறனாளி கேபின் கேளுங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீரும். முனையத்தில் தரும் சக்கர நாற்காலி பெரும்பாலும் ஏற, இறங்க மட்டும். உள்ளே சுற்ற வேண்டுமானால் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து ஓடும் பெரிய கப்பல்கள் சாதாரண நீளமல்ல. கெந்திங் ட்ரீம் என்ற கப்பல் 335 மீட்டர். கேபின் ஒரு முனையிலும் சாப்பாட்டுக் கூடம் மறு முனையிலும் இருந்தால் வேளாவேளைக்கு ஒரு நடை. "கப்பல் பிடிக்கவே இல்லை" என்று அம்மா சொல்வதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த நடைதான். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். நடுக்கப்பல், கீழ்த்தளம், லிஃப்டுக்கு அருகில். அலையில் ஆட்டம் குறைவாகத் தெரிவதும் அங்கேதான். தளப்படத்தை விரித்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நடன அரங்கு என்றால் நள்ளிரவு தாண்டியும் திம்திம். எண்ணைக் கப்பல் நிறுவனமே ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் இந்த எதையும் கேட்க முடியாது.

படுக்கை பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரட்டைக் கட்டிலாகத்தான் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அம்மாவும் மகனும், அப்பாவும் மகளும் என்று போகிறவர்கள் "தனித்தனிக் கட்டில்" என்று புக்கிங்கிலேயே எழுதிவையுங்கள்.

சாப்பாடு

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை சேர்ந்ததும் அந்தக் கணக்கில் வரலாம். சீன முறை சைவத்தில் வெங்காயம், பூண்டு இருக்காது. காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறோ மீன் சாறோ கலந்திருக்கலாம். "இந்தியச் சைவம், முட்டை இல்லாமல், மீன் சாறு இல்லாமல்" என்று புக்கிங்கில் ஒரு முறையும், முதல் இரவு உணவு மேசையில் தலைமைப் பணியாளரிடம் ஒரு முறையும் சொல்லுங்கள். பல கப்பல்களில் மறுநாளுக்கு வேண்டியதை முந்தின இரவே கேட்டால் செய்து தருவார்கள்.

மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் மேசைக்கூடத்தில் இரவு உணவு இரண்டு பந்தியாக நடப்பதுண்டு. ஒன்று மாலை 5.30 வாக்கில், மற்றது 8 மணி வாக்கில். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவருக்கு 5.30 பந்தி என்றால் மருந்து நேரமே மாறும். இன்சுலினைக் கேபின் குட்டி ஃப்ரிட்ஜை நம்பி வைக்காதீர்கள். பல கேபின்களில் அது பானத்தைச் சற்றே குளிர வைக்கும் பெட்டிதான். கப்பலின் மருத்துவப் பிரிவிடம் கேட்டு வையுங்கள்.

காலை 8.30 முதல் 9.30 வரை பஃபேயில் தட்டு ஏந்தி நிற்பது கல்யாணப் பந்தியை மிஞ்சும். 7 மணிக்குப் போய்விடுங்கள். ஏறிய அன்று மதியமும் எல்லோரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். மேசைக்கூடமும் திறந்திருக்கிறதா என்று கேட்டால் பல சமயம் காலியாகக் கிடைக்கும். குட்டி ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஸ்கேனரில் பிடிபடும். தீ அபாயம் என்று வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள்.

பில்லில் வரும் அதிர்ச்சி

டிக்கெட் விலையில் பெரும்பாலும் டிப்ஸ் இருக்காது. ஆளுக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தானாகக் கணக்கில் ஏறும். அது 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு 3 இரவில் 108 டாலர். இதற்கு மேல் குளிர்பானம், வைஃபை, தனி உணவகம், புகைப்படம். இந்திய அட்டையைப் பதிந்திருந்தால் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை ஏறும். தினமும் இரவில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். தப்பாக ஏறியதைக் கப்பலில் இருக்கும்போது திருத்துவது சுலபம், இறங்கிய பின் மின்னஞ்சலில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு கைபேசியில்தான். நடுக்கடலில் அம்மாவின் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் சேராது. கயிறு அவிழ்க்கும் முன்பே இருவர் போனையும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். அப்புறம் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது எப்படி? "எங்கே போனாலும் 12 மணிக்கு இந்த லிஃப்ட் முன்னால்" என்று பேசிவைத்து, கேபின் எண்ணைத் தாளில் எழுதி அவர் கைப்பையில் போடுங்கள்.

கப்பலில் மருத்துவரைப் பார்த்தால் அதுவும் பில்தான், இந்திய மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அங்கே செல்லாது. ஏற்கெனவே உள்ள நோய்களைச் சொல்லி எடுத்த பயணக் காப்பீடு வேண்டும். மலாக்கா நீரிணை பொதுவாக அடக்கமான கடல். இருந்தாலும் வாந்தி மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போட்டால் பலன் குறைவு. அந்த மாத்திரைகளில் பல தூக்கக் கலக்கம் தரும்; கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்களுக்கு ஆகாது. ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கரையில் இறங்கும் நாள்

பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் ஓரத்திலேயே. லிட்டில் இந்தியாவும், 1833-இல் தோன்றிய குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடை தூரம்தான். காசு கொடுத்து பஸ் சுற்றுலா தேவையில்லை. கோயில், ஒரு காபி, திரும்பல் என்றாலே அம்மாவுக்கு மனம் நிறையும். கிள்ளான் அப்படியல்ல. கோலாலம்பூருக்கு ஒரு வழியே 1 மணி முதல் ஒன்றரை மணி நேரம். பத்துமலையில் 272 படி. அதோடு இரட்டைக் கோபுரத்தையும் சேர்த்தால் கப்பலுக்கு ஓடித்தான் வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் அடிவாரத்தில் முருகன் சிலையோடு நிறுத்திக்கொள்வது சரி. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவதுண்டு. ஆடும் படகில் கால் மாற்றி வைக்க முடியாதவர் அன்று கப்பலிலேயே இருக்கலாம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம், போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். இறங்கும்போது கப்பல் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், அது முனையத்தில்தான் திரும்பக் கிடைக்கும். எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டு, மறுநாள் காலை நைட்டியும் செருப்புமாக நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. மாற்றுத் துணி, காலை மாத்திரை, பாஸ்போர்ட், பல்செட் டப்பா ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். ஏறும் அன்றும் இதே கைப்பைதான் காப்பாற்றும். அன்று பெட்டி கேபினுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும்.