இனாகுலேட்: ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

முதலாண்டு நர்சிங் மாணவிகளின் விடைத்தாளில் 'இனாகுலேட்' (inoculate, நோயைத் தடுக்க நோய்ப்பொருளை உடலுக்குள் வைப்பது) என்ற ஆங்கிலச் சொல் இரண்டு 'என்' எழுத்தோடு வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த தேர்விலும் அதே பிழை. சொல்லைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் நின்றது. கரும்பலகையில் நான் செய்வது இதுதான். மற்ற மருத்துவ வினைச்சொற்களுக்கும் இதையே செய்து பாருங்கள்.

முதலில் வாலை வெட்டுங்கள். கடைசி 'ஏட்' லத்தீன் விகுதியின் மிச்சம். இன்டியூபேட் (மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது), பால்பேட் (கையால் தொட்டுப் பரிசோதிப்பது) எல்லாவற்றிலும் அதேதான். அங்கே நிற்க வேண்டாம். அடுத்து தலை: 'இன்', அதாவது உள்ளே. ஒரே ஒரு 'என்'. நடுவில் மிஞ்சுவது 'ஆகுலஸ்', கண். பைனாகுலரில் இருப்பதும் இந்தக் கண்தான்.

இங்கேதான் வகுப்பு விழிக்கும். அம்மைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஊகிக்காதீர்கள். நல்ல வரலாற்று அகராதியில் அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருளைத் தேடுங்கள். செடியின் மொட்டையும் ரோமானியர்கள் கண் என்றார்கள். கிழங்கு முளைக்கும் இடத்தை நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்! 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது தோட்டக்காரர் சொல்: பட்டையைக் கீறி, வேறொரு செடியின் மொட்டைச் செருகி ஒட்டுக்கட்டுவது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரியம்மைக்கு அதே கைவேலை வந்தது: தோலைக் கீறி, கொப்புளத்துச் சீழை உள்ளே வைத்தார்கள். 1717இல் துருக்கியிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு இதை 'இன்கிராஃப்டிங்', அதாவது ஒட்டுக்கட்டுதல், என்றே சொல்கிறார். அதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த இரண்டாவது 'என்' எட்டிப்பார்ப்பது 'இன்னாக்குவஸ்' (innocuous) என்ற சொல்லிலிருந்து. அதில் 'இன்' என்றால் 'இல்லை'. பின்னால் வருவது தீங்கைக் குறிக்கும் வேர். தீங்கில்லாதது என்ற பொருள் தடுப்பு மருந்துக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். உறவு கிடையாது.

கடைசியாகப் பக்கத்துச் சொல்லையும் பாருங்கள். 'வாக்சினேட்' என்பதில் இருப்பது 'வாக்கா', பசு. ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைச் சீழை வைத்துச் சோதித்தது 1796இல். அவரைக் கௌரவிக்க அந்தச் சொல்லை மற்ற நோய்களுக்கும் விரிக்கலாம் என்று 1881இல் லூயி பாஸ்டர் சொன்னார். 1721இல் லண்டனில் மாண்டேகுவின் மகளுக்கு வைத்ததோ உண்மையான பெரியம்மைச் சீழ். அதை 'வாக்சினேஷன்' என்று எழுதினால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.