எரிபொருள் கல வினையூக்கி நீடித்து உழைக்க: ஆய்வகத்தில் முதல் படிகள்

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் வேலை செய்வது கார்பன் தூளில் ஒட்டியிருக்கும் 2 முதல் 5 நானோமீட்டர் பிளாட்டினத் துகள்கள். அவை எப்படித் தேய்கின்றன என்று தெரியாமல் மாற்றுப் பொருள் தேடுவது வீண் செலவு. முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்.

படி 1: மை
தூளை எடைபோட்டதும் தண்ணீர் விட்டு முழுக்க நனையுங்கள். அதன்பிறகே ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹால், நேஃபியான் (புரோட்டானைக் கடத்தும் பாலிமர்) கரைசல். உலர்ந்த தூளில் நேராக ஆல்கஹால் பட்டால் தீப்பிடிக்கலாம், இதில் அலட்சியம் கூடவே கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐஸ் போட்டுக் கலக்கி, கண்ணாடிக் கார்பன் மின்முனையில் ஒரு சொட்டு வைத்து உலர்த்துங்கள். ஓரத்தில் வளையம் கட்டினால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

படி 2: தொடக்க அளவு
நைட்ரஜன் செலுத்திய 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், 0.05 முதல் 1.0 வோல்ட் வரை சுழல் மின்னழுத்தச் சோதனை, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைகோடாகப் பதிவது. வரைகோட்டில் ஹைட்ரஜன் பிளாட்டினத்தில் ஒட்டி விலகும் பகுதியின் மின்னூட்டத்தை 210 மைக்ரோகூலும்/செ.மீ² என்ற எண்ணால் வகுத்தால் பிளாட்டினத்தின் செயல்படும் பரப்பு கிடைக்கும். குளோரைடு துளி கலந்தாலும் பிளாட்டினம் வேகமாகக் கரையும். அதனால் ஒப்பீட்டு மின்முனையாக ஹைட்ரஜன் மின்முனையே நல்லது.

படி 3: முதுமையாக்கல்
இரண்டு மாதிரிகளில் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒன்றை 0.6–0.95 வோல்ட்டுக்கு இடையே மாறிமாறி ஓட்டுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் முழுக்கலச் சோதனையில் இது 30,000 சுற்று. மற்றதை 1.0–1.5 வோல்ட்டில் 5,000 சுற்று. பிறகு படி 2-ஐ மீண்டும் செய்யுங்கள். முதலாவதில் பரப்பு குறைந்தால் பிளாட்டினம் கரைந்து பெரிய துகள்களில் படிகிறது. இரண்டாவதில் குறைந்து, வரைகோட்டில் 0.6 வோல்ட் அருகே புதிதாக ஒரு மேடும் எழுந்தால், கார்பனே அரிக்கப்படுகிறது.

படி 4: மருந்து
பிளாட்டினம் கரைந்தால் 4–5 நானோமீட்டர் துகளுக்கு மாறுங்கள். தொடக்கப் பரப்பு குறையும். ஆனாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். கோபால்ட் உலோகக் கலவையும் உதவும், அமிலத்தில் கழுவி மேற்பரப்புக் கோபால்ட்டை நீக்கியிருந்தால். கார்பன் அரிக்கப்பட்டால் அதிவெப்பத்தில் கிராஃபைட் ஆக்கிய கார்பன்; அதில் துகள்கள் பிடித்து நிற்கும் இடங்கள் குறைவு என்பதால் பிளாட்டினத்தைச் சீராகப் பரப்புவது கடினம்.

படி 5: ஓட்டும் முறை
கலத்தைச் சுமையில்லாமல் வெறுமனே விடாதீர்கள், கேத்தோடின் (காற்றுப் பக்க மின்முனை) மின்னழுத்தம் ஏறி நிற்கும். நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது ஆனோடில் (ஹைட்ரஜன் பக்க மின்முனை) காற்றும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் சில நொடிகளில் கேத்தோடு 1.5 வோல்ட் அளவுக்குத் தாவும். ஹைட்ரஜனை வேகமாகச் செலுத்திக் காற்றை வெளியேற்றினால் அந்த நேரம் சுருங்கும்.