செட்டிநாட்டைக் காரில் சுற்ற: இரண்டு நாள் வழித்தடம்

காரைக்குடியில் தங்கிக்கொண்டு சுற்றினால் செட்டிநாட்டில் எந்த ஊரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. அதனால்தான் பலர் திட்டம் போடாமல் கிளம்பி, பதினொன்றரைக்குக் கோயிலுக்குப் போய், பாதி பார்ப்பதற்குள் நடை சாத்தக் கண்டு திரும்புகிறார்கள். நடை மறுபடி திறக்கச் சாயங்காலம் நாலு மணி ஆகும். இங்கே வழியைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் அல்ல, கடிகாரம். காலையில் கோயில், உச்சி வெயிலில் வீடு, சாயங்காலம் கடைத்தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மேற்கே போங்கள். ஆறரைக்குள் கிளம்பினால் 10 கி.மீ.யில் குன்றக்குடி. வெயில் ஏறினால் படிக்கட்டில் வெறுங்காலை வைக்க முடியாது, ஆகவே மலை மேல் இருக்கும் முருகனை, சண்முகநாதனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இறங்கியதும் மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில்களையும் பார்த்துவிடுங்கள்; பெரும்பாலோர் அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். அங்கிருந்து பிள்ளையார்பட்டி மிகக் கிட்டத்தில். சதுர்த்தி நாட்களில் வரிசை இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும், நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறியுங்கள். அடுத்தது வைரவன்பட்டி. நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டியும் இதுவும் அடக்கம். கூட்டம் குறைவு, சிற்ப வேலையோ மிக நுட்பம். ஒரு மணி நேரமாவது நின்று பாருங்கள். ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் கடைசியில் கோபுரங்களை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால், திருப்பத்தூரில் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போகலாம். 1977-இல் அறிவிக்கப்பட்டது. பறவைகள் கலையக் கூடாதென்று அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அங்கே போய் ஹார்ன் அடிக்காதீர்கள்.

இரண்டாம் நாள் திருச்சி சாலை. கானாடுகாத்தான் வழியில் வரும், ஆனால் நிற்காமல் தாண்டி முதலில் திருமயம் போங்கள். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி, நிழல் கிடையாது. பாறை சரிவு, வழுக்காத செருப்பு வேண்டும். அதே குன்றின் சரிவில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. நடை சாத்துமுன் கோயில்களை முடித்துவிட்டுக் கோட்டை ஏறினால் வெயில் சுடும், கோட்டையை முதலில் ஏறினால் கோயில் தவறலாம். கோடையில் பிந்தையதைவிட முந்தையது மோசம். ஏப்ரல், மே மாதங்களில் பயணத்தையே தள்ளிப்போடுவது உத்தமம்.

பதினொன்றரைக்குக் கானாடுகாத்தான் திரும்புங்கள். உச்சி வெயில்தான் இங்குள்ள செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க ஏற்ற நேரம். வெளிச்சம் நேரே முற்றத்தில் இறங்கும், பர்மா தேக்குத் தூண்கள் அப்போதுதான் துலங்கும். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ளே குளுமையாக வைத்திருக்கும். முகப்பு, வளவு (முற்றமுள்ள கட்டு), இரண்டாங்கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். பின்தெருவிலும் ஒரு முறை நடந்து பாருங்கள், நீளம் அப்போதுதான் புரியும். பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்பார்கள். காவலாளி இருந்தால் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் வீடு. மதியச் சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். திடீரென்று போய் நின்றால் இருக்கிற சாப்பாடுதான் கிடைக்கும்.

சாப்பிட்டதும், பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடி. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை வைத்து அழுத்தித் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளையில் சுடுவதே இல்லை; மினுமினுப்பு வருவது அந்தக் கண்ணாடியிலிருந்து.

வாங்குவதானால் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். கையால் செய்வதால் கனம் முன்னே பின்னே இருக்கும், உடையவும் செய்யும், 155 சொல்லுங்கள். ஒரு கல் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை வரும், மொத்தம் 390 முதல் 465 கிலோ வரை ஆகும். காரில் ஏற்றினால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். லாரியில் போட்டுவிடச் சொல்லுங்கள். முகத்தோடு முகம் வைத்து, நடுவே தாள் கொடுத்து, படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடி திரும்பியதும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் பார்க்கலாம். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களை வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கிக்கு அந்தக் கவலை இல்லை.

வீட்டில் ஆத்தங்குடிக் கல்லைப் பதித்த பின் ஆசிட் கலந்த தரைக் கழுவியைத் தொடவே கூடாது, சிமெண்டை அரித்து நிறத்தை வெளுக்கவைக்கும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போதும்.