தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்

போன கிழமை, பக்கத்து ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் கையில் கறிவேப்பிலைக் கொப்போடு வந்து நின்றார். இலை ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் கருகியிருந்தது. "அக்கா, விடிய ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி ஊத்துறன். பசளையும் போட்டாச்சு. இன்னும் என்ன செய்யோணும்?" என்றார். இருபது வருடத்துக்கு முன் நான் கேட்டுத் திரிந்த அதே கேள்வி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சாடியில் ஓட்டை வேண்டும், வெயில் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுவோம். சமையலுக்கான இலைகளை வீட்டில் வளர்க்கும்போது நாம் செய்யும் பிழைகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன்.

கிணற்றை நம்பியது

எங்கள் வீடு திருகோணமலையில், கடலோரம் உப்புவெளிப் பக்கம். எச்சரிக்கை ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை.

கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் தனியாக ஊறுவதில்லை. மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படைபோல் மிதக்கிறது. மழை நின்று, வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அந்தப் படை மெலிந்துகொண்டே போகும். வாளியால் அள்ளிய காலத்தில் மேல்தண்ணீரைத்தான் எடுத்தோம். இப்போது மோட்டர் போட்டு உறிஞ்சுகிறோம், கீழே கிடந்த சவர்த் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. தையில் இனித்த கிணறு ஆடியில் கரிக்கும்.

அந்தத் தண்ணீரைச் சாடியில் ஊற்றினால் என்ன ஆகும்? செடி தண்ணீரைக் குடிக்கும், வெயிலும் தன் பங்குக்குக் குடிக்கும். உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும். அடுத்த வாளி இன்னும் கொஞ்சம் சேர்க்கும். மண்ணில் உப்பு ஏற ஏற வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். இலை ஓரம் கருகுவதைப் பார்த்து நாம் தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு வாளி ஊற்றுவோம். அப்புறம் சத்துப் போதவில்லை என்று கடைப் பசளை. அதில் பெரும்பாலானவை உப்பு வகைதான்!

அம்மா மூதூரிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து, பாதியாக வெட்டிய பரலில் நட்ட கறிவேப்பிலையை நான் இப்படித்தான் கொன்றேன். ஆறு வருடம் வளர்ந்த மரம், ஒரே ஆடி மாதத்தில் போய்விட்டது. பரலின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்துத் தினமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். செடி பட்ட பிறகுதான் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. கிண்டிப் பார்த்தால் வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழுப்பு நார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ஊற்றுவதற்கு முன் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். தேத்தண்ணி போட்டால் கரிக்கிறதா? சாடிக்கு அது வேண்டாம். கந்தளாய்க் குளத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீர் இருந்தால் அதை ஊற்றலாம், உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. மீன் கழுவிய தண்ணீரை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். உப்புப் போட்டு உரசிக் கழுவிய மீன் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு மருந்துபோல் ஊற்றுகிறவர்கள் நம்மூரில் ஏராளம். இலவச இணைப்பாகப் பூனையும் வந்து மண்ணைக் கிண்டும்.

ஏற்கெனவே உப்பேறிய சாடி என்றால், நல்ல தண்ணீரை அடி ஓட்டையால் ஓடும்வரை மெதுவாக ஊற்றி, அரை மணி நேரம் விட்டு மறுபடியும் ஊற்றுங்கள். கீழே தட்டு வைத்து அந்தத் தண்ணீரைத் தேக்காதீர்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் சாடிகளை வெட்டவெளிக்கு இழுத்துவிடுங்கள். கூரைப் பீலியின் கீழே ஒரு பரல் வையுங்கள், நுளம்பு முட்டையிடாமல் வலையால் மூடிக் கட்டுங்கள்.

தம்பியிடமும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் வந்து, "அக்கா, அது வாய் கொப்பளிக்கக்கூட உதவாது" என்றார். பசளையை நிறுத்தச் சொன்னேன்.

கொத்தமல்லியை ஆடியில் விதைப்பது

முளைக்கும், உங்களை நம்பவும் வைக்கும். பிறகு சூட்டில் இலை நூல் நூலாக மெலிந்து, நேரே பூவுக்குப் போய்விடும். திருகோணமலையில் அதற்குத் தோதான காலம் பெருமழை ஓய்ந்து இரவு குளிரும் நாட்கள்: மார்கழிக் கடைசி, தை. ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது. போத்தலை மேலே லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, வளரப்போகும் சாடியிலேயே நேரே விதையுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் கோபித்துக்கொள்ளும்.

புதினாவை மற்றச் செடியோடு நடுவது

வேண்டாம். தனிச் சாடி.

கறிவேப்பிலையை உருவுவது

ஈர்க்கை விட்டுவிட்டு இலையை மட்டும் உருவினால் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். ஈர்க்கோடு அடியில் ஒடியுங்கள். உயரமாக ஒற்றைக் கம்பாகப் போகும் கன்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். இலையில் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டியிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்தால் பச்சையாகிவிடும். தேசிக்காயும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் தின்னும். கையால் எடுத்துப் போடலாம். காலையில் மருந்தடித்து மத்தியானச் சொதிக்கு அதே இலையைப் பறித்த ஆளை எனக்குத் தெரியும்.

றம்பையை வெயிலில் வைப்பது

கறிக்கு வாசனைக்குப் போடும் இந்த நீள இலைச் செடிக்கு மாமர நிழல் போதும். அடி இலைகளை மட்டும் வெட்டுங்கள், பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுங்கள்.

அடுப்படியில்

கழுவி ஈரத்தோடு பிரிட்ஜில் வைத்த கறிவேப்பிலை சீக்கிரமே கறுத்துவிடும். கழுவாமல் பத்திரிகைத் தாளில் சுற்றி டப்பாவில் போடுங்கள், சமைக்கும்போது கழுவலாம். புதினாவைக் காம்போடு ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். கொத்தமல்லித் தழையைச் சட்டியை இறக்கிய பிறகு போடுங்கள். கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

வல்லாரையை மட்டும் முன்கூட்டியே அரிந்து வைக்காதீர்கள். சோறு போடும் நேரத்தில் மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசறி, உப்பும் தேசிப்புளியும் கடைசியில். முதலிலேயே உப்புப் போட்டால் இலை தண்ணீர் விட்டு, சம்பல் தட்டில் குளமாக நிற்கும்.