பிள்ளையைப் பார்க்க, வைத்துக்கொள்ள: மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போடும் முறை

நானும் மனைவியும் பிரிந்தபோது மகனுக்கு வயது 6. அவன் அம்மாவோடு மதுரைக்கு வந்துவிட்டான். அவனைப் பார்க்க வழி கேட்டு அலைந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறது, அதுவும் இந்து திருமணச் சட்டத்தில் என்றால், 26-ஆவது பிரிவில் அங்கேயே பிள்ளைக்காக மனுப் போடலாம். வழக்கே இல்லையென்றால், 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் (பிள்ளைகளின் பாதுகாவலர் பற்றிய சட்டம்) தனி மனு. வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்.

எங்கே போடுவது? நான் சறுக்கியது இங்கேதான். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர் இரண்டும் பக்கத்து மாவட்டம் என்பதால் அங்கே போட்டேன். மனு திரும்பி வந்தது. அந்தக் கணக்கு விவாகரத்துக்குத்தான். பிள்ளை விஷயத்தில் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 9-ஆவது பிரிவு பார்ப்பது ஒன்றே ஒன்று: பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறது? ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பழைய முகவரி இருந்தாலும், என் மகன் படிப்பதும் தூங்குவதும் மதுரையில். எனவே மதுரையில்தான் போட வேண்டும். பள்ளியின் போனஃபைடு சான்றிதழ் (பிள்ளை அங்கே படிக்கிறது என்று பள்ளி தருவது), மருத்துவமனைச் சீட்டு போன்ற ஏதாவது கிடைத்தால் கூடவே வையுங்கள். இதில் எனக்கு மூன்று மாதம் போனது.

ஒத்தக்கடையில் இருப்பது உயர்நீதிமன்றக் கிளை. அங்கே முதலில் போகாதீர்கள், மேல்முறையீட்டுக்குத்தான் அது. நீங்கள் போகவேண்டியது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றம்.

மனுவில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மதம், வசிக்கும் இடம், இப்போது யாரிடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார் யார், இதற்கு முன் எந்த நீதிமன்றத்திலாவது மனுப் போட்டதுண்டா என்பதெல்லாம் வரவேண்டும். முன்பு போட்ட மனுவை மறைக்காதீர்கள்.

அப்புறம், கேட்பது என்ன என்ற பகுதி. என் முதல் வரைவில் 'அவ்வப்போது மகனைப் பார்க்க அனுமதிக்க வேண்டும்' என்று இருந்தது. அவ்வப்போது என்றால் எப்போது? 'மாதம் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை. கூட்டிக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதும் மனுதாரர்' என்று மாற்றினோம். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், அதே கார்டியன்ஸ் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இடைக்கால மனுவும் சேர்த்தே போட்டுவிடுங்கள். எனக்கு முதலில் கைகொடுத்தது அந்த உத்தரவுதான்.

ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) சட்டம் சொல்கிறது. அதற்கு மேலான வயதிலும் பிள்ளையின் நலன்தான் முதல். மனைவியைப் பற்றிய குறைகளை நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசகர் அதைப் புரட்டிவிட்டு, 'பையனோட டீச்சர் பேர் என்ன?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவே அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டு, அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது, என்னோடு இருந்தால் எங்கே படுப்பான், என்ன சாப்பிடுவான், யார் பள்ளிக்கு விடுவார்கள் என்று எழுதினேன். நேரம் செலவிட வேண்டியது இங்கே.

வழக்கு எண் கிடைத்ததும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள். வாய்தா தேதி அதிலேயே தெரியும்; ஒவ்வொரு முறையும் குமாஸ்தாவுக்குப் போன் போட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அதற்கான தொலைபேசி எண் 15100.

பின்னர் சேர்த்தது: உத்தரவு வந்தும் பிள்ளையைக் காட்டவில்லை, என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பள்ளி வாசலில் போய்ப் பிள்ளையை இழுக்காதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி வரை, எங்கே காத்திருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். அதை வைத்து அதே நீதிமன்றத்தில், உத்தரவைச் செயல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுப் போடலாம்.