வளர்ச்சிக் கணக்கில் விழும் ஓட்டைகள்

“முதலில் வளர்ந்துவிடுவோம், காலநிலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.” அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆலைப் புகைக்கு இது ஓரளவு பொருந்தும். லண்டனில் 1952இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956இல் சட்டம் வந்தது. காற்றும் மெல்லத் தெளிந்தது. கரியமில வாயு அப்படிக் கலையாது. இன்று விட்டதில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் காற்றிலேயே நிற்கும். போதாக்குறைக்கு, இன்று கட்டும் அனல்மின் நிலையம் 40 ஆண்டுகள் ஓடக்கூடியது. போட்ட முதலை எடுக்காமல் அதை யார் மூடுவார்கள்?

அடுத்த தவறு எளிதில் கண்ணில் படாது. திட்ட அறிக்கையின் ஒரு கட்டத்துக்குள் சின்ன எண்ணாக உட்கார்ந்திருக்கும். எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி விகிதம்தான் அது. 50 ஆண்டு கழித்து வெள்ளத்தால் 100 கோடி இழப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் அதன் இன்றைய மதிப்பு 9 கோடிகூட இல்லை. ஆக, அதைத் தடுக்க 10 கோடியில் வடிகால் கட்டுவது நஷ்டம் என்று கணக்கு சொல்லும். விகிதத்தை 1.4 ஆக்கிப் பாருங்கள், இழப்பின் மதிப்பு ஏறக்குறைய 50 கோடி. அதே வடிகால், அதே வெள்ளம், இப்போது லாபம்! பொருளாதார நிபுணர்கள் நிக்கோலஸ் ஸ்டெர்னும் வில்லியம் நோர்டாஸும் மோதியது பெரும்பாலும் இந்த எண்ணில்தான். அறிக்கை எதுவானாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பான ஜிடிபியை மட்டும் பார்ப்பதும் இதே ரகம். புயலில் விழுந்த பாலத்தைத் திரும்பக் கட்டும் செலவு அதில் ஏறும். பாலம் போனது அதில் கழியாது. தேசிய வருமானக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே, ஒரு நாட்டின் நலனை இந்த எண்ணை வைத்து அளந்துவிட முடியாது என்று 1934இல் எச்சரித்திருந்தார்.

சிக்கனமான இயந்திரம் வந்தால் போதும் என்று நம்புவதும் தவறு. நீராவி இயந்திரத்தின் திறன் கூடக் கூட, நிலக்கரியின் மொத்தப் பயன்பாடும் கூடியதை ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865இலேயே கவனித்தார்.

கடைசியாக, கரியமில வாயு உமிழ்வைக் குறைப்பது மட்டுமே காலநிலை வேலை என்று நினைப்பது. வங்கதேசப் பகுதியில் 1970இல் வந்த புயல் சுமார் 3 லட்சம் பேரைக் கொன்றது. 2020இல் ஆம்பன் புயல் அதே கடலோரத்தைத் தாக்கியபோது அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். இடையில் முன்னெச்சரிக்கையும் தன்னார்வலர் படையும் வந்திருந்தன, உயரமான கான்கிரீட் காப்பகங்களும் எழுந்திருந்தன. அந்தச் செலவை வளர்ச்சியில் எழுதுவதா, காலநிலையில் எழுதுவதா என்று கேட்டால் சொல்வது கஷ்டம்: புயல் இல்லாத நாட்களில் அந்தக் காப்பகங்களில் பலவும் பள்ளிக்கூடங்கள்.