டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கழற்றி மாட்டும் ஹார்ட் டிஸ்க்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் என் எடிட்டிங் வேலை, எல்லாம் கல்யாண வீடியோ. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மதியம் கரண்ட் போய் வந்தது, கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகின வாசனை. குடியாத்தத்துக் கல்யாணம் ஒன்று அந்த கம்ப்யூட்டரில் இருந்தது. பேக்கப் எடுத்திருந்தேன், அதனால் பெரிதாகப் பதறவில்லை. ஆனால் அந்த பேக்கப் டிஸ்க்கும் அதே கேபினெட்டுக்குள், அதே எஸ்எம்பிஎஸ் வயரில்தான் மாட்டியிருந்தது, இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. பெண்ணின் அப்பா போனில், "தம்பி, தாலி கட்டுறதாவது இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. இரண்டாவது கேமராவின் மெமரி கார்டை நான் சோம்பேறித்தனத்தால் அழிக்காமல் விட்டிருந்தேன்.

அதற்கப்புறம் போட்டதுதான் இந்த மொபைல் ரேக். கேபினெட்டின் முன்பக்கம் டிவிடி டிரைவ் உட்காருமே, அந்த இடத்தில் ஒரு சின்ன அறை மாதிரி இதை மாட்டிவிட்டால், ஹார்ட் டிஸ்க்கை முன்னாலிருந்தே கதவைத் திறந்து செருகலாம், வேலை முடிந்ததும் உருவி எடுத்து வேறு ஊரில்கூட வைக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை.

பக்கக் கதவைத் திறந்து கேபிளையே மாற்றி மாற்றி மாட்டினால் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்க உள்ளே போடும் சாதாரண சாட்டா கேபிள் இணைப்பு 50 தடவை மாட்டிக் கழற்றுவதற்குத்தான் வடிவமைக்கப்பட்டது, ரேக்கில் இருக்கும் வகை 500 தடவைக்கு. வாரம் ஒருமுறை டிஸ்க் மாற்றினால் சாதாரண கேபிளின் கணக்கு ஒரே வருடத்தில் முடிந்துவிடும்.

வாங்கும் முன்

முதலில் உங்கள் கேபினெட்டில் 5.25 இன்ச் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிடி டிரைவ் இருந்தால் அதுதான் இடம். இப்போது வரும் கண்ணாடி கேபினெட் பலவற்றில் அது கிடையாது, அப்படியானால் இதை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்தே செருகும் யூஎஸ்பி டாக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் நல்ல வழிதான்.

அடுத்து, பக்கக் கதவைத் திறந்து மூன்றைச் சரிபாருங்கள். மதர்போர்டில் காலியாக ஒரு சாட்டா போர்ட் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தட்டையான சாட்டா பவர் முனை ஒன்று காலியாக வேண்டும். டிவிடி டிரைவைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டும் தானாகவே கிடைத்துவிடும். மூன்றாவது, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் பட்டை மாதிரியான எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தால் மதர்போர்டு புத்தகத்தைப் புரட்டுங்கள், சில போர்டுகளில் எம்.2 நிரம்பினால் ஏதாவது ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும். இது தெரியாமல் அரை நாள் கேபிளை மாற்றி மாற்றி மாட்டினவன் நான்.

பவர் முனை இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நாலு பின் பவர் முனையான மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் கிடைக்கும். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த வகையைத் தொடாதீர்கள். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டு தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பின்னில் அழுத்திச் செருகியிருப்பது கண்ணுக்குத் தெரியும் வகையை வாங்குங்கள்.

ரேக்கில் ட்ரே உள்ளது, ட்ரே இல்லாதது என்று இரண்டு உண்டு. ட்ரே வகையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ட்ரே வாங்கி நாலு ஸ்க்ரூ போட வேண்டும், அப்புறம் அந்த மாடல் கடையில் நின்றுபோனால் கூடுதல் ட்ரேவுக்கு அலைய வேண்டும். நான் சொல்வது ட்ரே இல்லாதது. டிஸ்க்கை அப்படியே தள்ளிக் கதவை மூடினால் போதும். உடம்பு இரும்பிலோ அலுமினியத்திலோ இருக்கட்டும், பின்னால் ஒரு சின்ன ஃபேன் இருந்தால் நல்லது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் பெரும்பாலும் 60 டிகிரி வரைதான் தாங்கும், நம்மூரிலோ அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையே 40-ஐத் தொடும். வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

பிரித்து மாட்டுவது

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கதவையும் கழற்றுங்கள், ஏனென்றால் ரேக்குக்கு இரண்டு பக்கமும் ஸ்க்ரூ உண்டு. அப்புறம் முன்பக்க பிளாஸ்டிக் முகப்பு. அதன் அடியில் கைவிட்டு இழுத்தால் கிளிப் விட்டு வந்துவிடும், ஆனால் பவர் பட்டன் வயர் அதோடு ஒட்டியிருக்கலாம், வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள்.

டிவிடி டிரைவ் இருந்தால் கழற்றி எடுங்கள். இதுவரை எதுவும் போடாத இடமாக இருந்தால் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு தகரத் தகடு, இரண்டு மூன்று புள்ளியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு ஓரத்தைத் தள்ளி, முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை ஆட்டினால் ஒடிந்து வரும். ஒடிந்த விளிம்பு பிளேடு மாதிரி. என் ஆள்காட்டி விரலில் இன்னும் கோடு இருக்கிறது, பழைய துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.

ரேக்கை முன்னாலிருந்து உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ இரண்டு வகை இருக்கும்: மரை நெருக்கமாக இருப்பது எம்3, இது டிவிடி டிரைவுக்கும் ரேக்குக்கும். மரை அகலமாக இருப்பது 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்குக்கு. விரலாலேயே இரண்டு சுற்று சுலபமாகப் போக வேண்டும், போகவில்லையென்றால் தப்பான ஸ்க்ரூ, அழுத்தித் திருகினால் மரை போய்விடும்.

முக்கியமாக, ஸ்க்ரூவை முழுதாக முடுக்காதீர்கள். லேசாகப் பிடிக்க வைத்து, பிளாஸ்டிக் முகப்பைத் திரும்ப மாட்டி, ரேக்கின் கதவை நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள். எனக்குக் கதவு பாதி திறந்ததும் முகப்பின் வளைவில் போய் இடித்தது, ரேக்கை இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்ததும் சரியாயிற்று. அதற்கப்புறம் முடுக்குங்கள்.

கேபிள் பெரிய விஷயமில்லை. ரேக்கின் முதுகில் எல் வடிவ வாய் இரண்டு இருக்கும், சிறியது டேட்டா, நீளமானது பவர். ஒரே பக்கமாகத்தான் போகும். மதர்போர்டில் எந்த நம்பர் போர்ட்டில் செருகினீர்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

பயாஸில்

நிறைய பேர் தவறவிடும் இடம் இதுதான். கம்ப்யூட்டரைப் போட்டதும் டிலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி, விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரையான பயாஸுக்குள் போங்கள், சாட்டா பகுதியைத் தேடுங்கள். அங்கே அந்தப் போர்ட் நம்பருக்கு நேராக 'ஹாட் பிளக்' என்று இருப்பதை எனேபிள் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் டிஸ்க் மாற்றும்போதெல்லாம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம், ரேக் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடக்கூடும், தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

விண்டோஸில்

புது டிஸ்க்கைச் செருகிக் கதவை மூடுங்கள். 'கிர்ர்' என்று சுழலத் தொடங்கும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க்கைப் பிரித்துக் கணக்கு வைக்கும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும், ஜிபிடி கொடுங்கள், எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் எட்டாது. அப்புறம் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட். ஏற்கெனவே வீடியோ உள்ள பழைய டிஸ்க்கைச் செருகும்போதும் இதே 'இனிஷியலைஸ்' கேள்வி வந்தால் எதையும் அழுத்தாமல் கேன்சல் செய்துவிட்டு வெளியே வாருங்கள். டிஸ்க்கில் வேறு ஏதோ கோளாறு, ஓகே கொடுத்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

எல்லா டிஸ்க்குக்கும் ஒரே டிரைவ் எழுத்து கொடுங்கள், நான் 'ஆர்' (R) கொடுத்திருக்கிறேன். அப்போதுதான் டிஸ்க்கை மாற்றினாலும் எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைலைக் காணோம் என்று சொல்லாது.

எடுக்கும்போது டாஸ்க்பாரில் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து, பதினைந்து விநாடி பொறுங்கள். அந்த ஐகானில் டிஸ்க் தெரியவில்லையென்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்கின் பெயர் மேல் வலது கிளிக் செய்து ஆஃப்லைன் கொடுத்தாலும் சரி. கதவைத் திறந்து ஒரு விரல்கடை மட்டும் வெளியே இழுத்து நிறுத்துங்கள். உள்ளே தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் கையில் பிடித்துத் திருப்பும்போது பம்பரம் மாதிரி எதிர்ப்பக்கம் முறுக்கும், அது அடங்கும் வரை அசைக்கக் கூடாது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிலது சுழலவே சுழலாது. பவர் முனையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் தூங்கிவிடும் வகை அது. அந்த வோல்ட் இல்லாத மோலக்ஸ் வயர் வழியாகக் கொடுத்தால் எழுந்துகொள்ளும்.

எனக்கு இப்போது மூன்று டிஸ்க் ஓடுகிறது. ஒன்று ரேக்கில், ஒன்று பீரோவில், ஒன்று ராணிப்பேட்டையில் அக்கா வீட்டில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவுக்குள். மாதத்தில் ஒரு ஞாயிறு போய் மாற்றிக்கொண்டு வருகிறேன். போன தடவை அக்கா கேட்டாள், "டேய், டிஸ்க்கைப் பார்க்க வரியா, என்னைப் பார்க்க வரியா?"